தண்டின் முனையில் ஒரு முறுக்கு

20 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகுத் தண்டு. கால் மீட்டர் நீள ஸ்பேனரின் நுனியில் செங்குத்தாக 200 நியூட்டன் விசை கொடுத்தால், தண்டின்மேல் 50 நியூட்டன் மீட்டர் முறுக்கு. கையால் செய்ய ஒரு நொடி போதும். கணினியில்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது. தண்டைக் கனத்துண்டுகளாகப் பிரித்த வலையில் ஒவ்வொரு கணுவும் மூன்று திசைகளில் நகரும், சுழலத் தெரியாது. அதனிடம் முறுக்கை எப்படிக் கொடுப்பது?

இதற்குக் கண்டுபிடித்த வழி எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை. தண்டின் முனை முகப்பின் நடுவே ஒரு தனிக் கணு. அதிலிருந்து மற்ற எல்லாக் கணுக்களுக்கும் சிலந்திக் கால்களாய்க் கோடுகள். மையத்தில் இடும் முறுக்கு, வட்டத்தைத் தொட்டுச் செல்லும் சின்னச் சின்ன விசைகளாகப் பிரிந்துவிடுகிறது. நாஸ்ட்ரான் மென்பொருளில் இந்தச் சிலந்தி இணைப்பு இரண்டு வகை. ஆர்பிஇ2 என்றால் முகப்பையே விறைப்பாக்கிவிடும். ஆர்பிஇ3 விசையைப் பங்கிட்டுவிட்டு முகப்பை அதன் போக்கில் நெளியவிடும். எனக்குப் பிடித்தது இரண்டாவதுதான்.

முனையருகே தெரியும் தகைவுகளை நம்ப வேண்டாம். ஒரு விட்டத்தளவு தள்ளிப் போனால், செயின்ட் வெனன்ட் 1855இல் சொன்னபடி, எப்படிக் கொடுத்தோம் என்பது மங்கி எவ்வளவு கொடுத்தோம் என்பதே மிஞ்சும். அங்கே மேற்பரப்பில் சறுக்குத் தகைவு சுமார் 32 மெகாபாஸ்கல். கைக்கணக்கும் அதையே சொல்கிறது.