வில்லன் இல்லாத கதை

நகரத்தில் எங்கேயாவது கொஞ்சம் வெற்றிடம் கிடந்தால் போதும், "இங்கே ஏதாவது கட்டலாமே!" என்று நமக்குத் தோன்றிவிடுகிறது. காலியாகக் கிடக்கிறது என்று சொல்லும்போதே அதில் ஒரு குறை ஒட்டிக்கொண்டு விடுகிறது. இந்த மனப்பான்மை ஒரு பூங்காவை என்ன பாடு படுத்தும் என்பதற்குச் சென்னை பீப்பிள்ஸ் பார்க்கைவிட நல்ல உதாரணம் வேண்டியதில்லை.

கவர்னர் டிரெவெல்யனின் முயற்சியால் 1859-இல் அமைந்த பூங்கா அது. பரப்பு 116 ஏக்கர். ஜார்ஜ் டவுனின் நெரிசலிலிருந்து நடந்தே வந்துவிடலாம். 1860-களில் மிருகக்காட்சிசாலையும் அங்கே வந்தது. 'உயிர்க் காலேஜ்' என்று பட்டணத்து ஜனங்கள் அதற்கு அழகாகப் பெயர் வைத்தார்கள்.

அப்புறம் ஒவ்வொன்றாக வந்தன. 1880-களில் விக்டோரியா பப்ளிக் ஹால், 1900-இல் மூர் மார்க்கெட், 1913-இல் நகராட்சிக்கென்று ரிப்பன் கட்டடம், பின்னால் விளையாட்டரங்கம். இன்றுள்ள நேரு ஸ்டேடியம் 1993-இல் எழுந்தது. 1985-இல் மூர் மார்க்கெட் தீயில் அழிந்தது. மிருகங்கள் வண்டலூருக்குப் போனதும் அதே ஆண்டில்தான். மார்க்கெட் இருந்த இடமாவது மறுபடி மரமும் புல்லும் ஆயிற்றா? புறநகர் ரயில் நிலையம் ஆயிற்று.

இவற்றில் எதைக் குறை சொல்வது? விக்டோரியா ஹாலில்தான் பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபை நாடகம் போட்டது. மூர் மார்க்கெட்டின் பழைய புத்தகக் கடைகளுக்குக் கடன்பட்ட வாசகர்கள் எத்தனையோ பேர். ரயிலும் வேண்டும், விளையாட்டும் வேண்டும். கதை எழுதுகிறவனுக்கு இது சங்கடமான கதை. இதில் வில்லனே கிடையாது. வந்தவர்கள் எல்லாரும் நல்லவர்கள். ஆளுக்கொரு துண்டு எடுத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

நஷ்டம் யாருக்கு? ஒண்டுக்குடித்தனத்தில் வாழ்கிறவர்களுக்கு. ஒற்றை அறையில் மருமகள் சற்றுத் தலை சாய்க்கட்டும் என்று வெளியே வந்துவிடும் மாமனாருக்குப் போக ஓர் இடம் வேண்டும். பரீட்சைக்குப் படிக்கும் பையனுக்கு ஒரு மரத்தடி வேண்டும். வீட்டில் அழ முடியாத பெண்ணுக்கும் ஒரு மூலை வேண்டும். பூங்காதான் இவர்களுக்குத் திண்ணை, முற்றம், கொல்லைப்புறம் எல்லாம். காப்பிக்குக் காசு கொடுக்காமல், 'என்ன வேலையாக வந்தாய்?' என்ற கேள்விக்குப் பதில் சொல்லாமல், சும்மா உட்கார்ந்திருக்க வேறு எந்த இடம் இருக்கிறது?

மெரினா இருக்கிறதே என்பார்கள். கடற்கரைக்குப் போவது ஒரு பிரயாணம். கிளம்ப வேண்டும், திரும்ப வேண்டும். இடுப்புக் குழந்தையோடு அரைமணி போய்வரத் தெருக்கோடியில் அல்லவா இடம் இருக்க வேண்டும்?

கட்டடத்துக்குத் திறப்பு விழா உண்டு, கல்வெட்டு உண்டு. மாமனார் உட்கார்ந்திருந்த பெஞ்சு போனதற்கு விழா ஏது? அவர் மனுப் போடுகிறவரும் அல்ல. பேசாமல் எழுந்து, தெருவோரத்தில் போய் நின்றுகொள்வார்.

இனி ஒரு பூங்காவில் நல்ல காரியம் ஒன்றைக் கட்ட வருகிறவர்களிடம், அது நல்ல காரியமா என்று விசாரிக்க வேண்டியதில்லை. நல்லதாகத்தான் இருக்கும். அங்கே இப்போது யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று மட்டும் கேட்போம்.