எட்டு நாளும் ஒன்பது ஆண்டும்

2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பு தேவாலயங்களிலும் கொழும்பு ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்து 250-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். எட்டாம் நாள், ஏப்ரல் 29, முகத்தை மூடும் உடைக்கு இலங்கை அரசு அவசரகாலச் சட்டத்தின் கீழ் தடை விதித்தது.

தேவாலயங்களுக்கும் ஹோட்டல்களுக்கும் குண்டு சுமந்து போனவர்கள் ஆண்கள். முகம் திறந்து, முதுகில் பையோடு அவர்கள் நடந்து போவதைக் கமராப் பதிவுகளில் நாடே பார்த்தது. தெமட்டகொட வீட்டுக்குப் பொலிஸார் வந்தபோது குண்டை வெடிக்கவைத்துத் தன் பிள்ளைகளோடு மாண்ட பெண்ணை நான் மறந்துவிடவில்லை. அவளைத் தடுக்கவும் இந்தத் தடையால் முடிந்திராது.

தடுத்திருக்கக் கூடியவை வேறு. காத்தான்குடியில் சஹ்ரானின் குழு 2017-இலேயே சூஃபி முஸ்லிம்களைத் தாக்கியது. அவனைப் பற்றி முறையிட்டவர்களில் முஸ்லிம்களும் இருந்தார்கள். 2019 ஏப்ரல் தொடக்கத்தில் இந்தியாவிலிருந்து எச்சரிக்கையும் வந்தது. அந்த அலட்சியத்துக்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன பத்துக் கோடி ரூபாய் இழப்பீடு கட்ட வேண்டுமென்று 2023-இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் 2019-இல் விலை கொடுத்தவர்கள் பெண்கள். தடை முகத்திரைக்கு மட்டும்தான். வைத்தியசாலை வாசல்களிலோ முக்காட்டையும் கழற்றச் சொன்னார்கள். ஹசலகவில் ஒரு பெண் அணிந்த உடையிலிருந்த கப்பல் சுக்கானைத் தர்மச்சக்கரம் என்று சொல்லி அவளைச் சிறையில் வைத்தார்கள். அரச அலுவலகங்களில் பெண்கள் சேலையோ ஒசரியோதான் உடுத்த வேண்டுமென்று ஒரு சுற்றறிக்கையும் வந்தது. எதிர்ப்பு எழுந்த பிறகே அது மாறியது. அதே மே மாதத்தில்தான் பொதுபல சேனாவின் ஞானசார தேரருக்கு ஜனாதிபதியின் மன்னிப்பும் கிடைத்தது. ஒரு மதத்தின் தீவிரவாதத்துக்கு அவசரகாலச் சட்டம், இன்னொன்றுக்கு மன்னிப்பு.

முஸ்லிம் பெண்கள் இந்த அரசிடம் கேட்டது வேறொன்று. 1951-ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் குறைந்தபட்சத் திருமண வயதை வைக்கவில்லை. காதியின் அனுமதி இருந்தால் பன்னிரண்டு வயதுக்கும் குறைந்த பிள்ளையைக்கூட மணமுடிக்கலாம். மணமகளின் கையொப்பம் தேவையில்லை. பெண் காதியாக முடியாது. 1995-இல் மற்றப் பெண்களின் திருமண வயது 18 ஆனபோது இந்தப் பிள்ளைகளை வெளியே விட்டார்கள். 2009-இல் நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் அமைத்த குழு அறிக்கை கொடுத்தது 2018-இல், அதுவும் இரண்டு அணியாகப் பிரிந்து. முகத்திரைக்கு எட்டு நாள். கையொப்பத்துக்கு ஒன்பது ஆண்டிலும் முடிவில்லை. "அது உங்கள் சமூகத்தின் உள்விவகாரம்" என்றது அரசு. சமூகம் என்று அது யாரைக் கேட்டது? மௌலவிமாரையும் ஆண் அரசியல்வாதிகளையும். பெண்ணுக்காகப் பேசும் உரிமை தமக்கே உண்டு என்று தவ்ஹீத் மேடைகளில் முழங்கியவர்களும் ஆண்களே. மூடச் சொன்னவரும் திறக்கச் சொன்னவரும் அவளைக் கேட்கவில்லை.

தமிழ்ப் பெண்களாகிய நாமும் இதை வெளியிலிருந்து பார்த்துப் பேசிவிட முடியாது. குண்டுகள் வெடிப்பதற்கு ஓராண்டு முன்பே, 2018-இல், திருகோணமலையில் ஓர் இந்து மகளிர் கல்லூரியின் வாசலில் முஸ்லிம் ஆசிரியைகளின் அபாயாவுக்கு எதிராகப் போராட்டம் நடந்தது. சேலைதான் நம் பண்பாடு என்றார்கள். 1983-இல் உயிருக்குப் பயந்து நெற்றிப் பொட்டை அழித்துவிட்டுத் தெருவில் இறங்கிய பெண்கள் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறார்கள். அந்த வாசலில் நின்றவர்கள் முதலில் அவர்களிடம் பேசியிருக்கலாம்.