ஓடு மாற்றாத வீடு: 1962ஐ வாசித்தல்

1962 பற்றி நம்மிடம் ரெண்டே ரெண்டு கதையாடல்கள்தான் இருக்கின்றன. போர் வந்தது, அண்ணா திராவிட நாட்டைக் கைவிட்டார், அது ராஜதந்திரம் என்பது ஒன்று. துரோகம் என்பது இன்னொன்று. ரெண்டுமே தலைவரின் மனசுக்குள் எட்டிப் பார்த்துத் தீர்ப்பெழுதுகிற வேலை. போர்க்காலச் சட்டம் கட்சிகளை என்ன செய்தது என்ற கேள்விக்கு அங்கே இடமே கிடையாது.

குடியரசுக்கு அப்போது பன்னிரண்டு வயசு. அக்டோபர் 20இல் தொடங்கிய சண்டை நவம்பர் 21இல் ஓய்ந்துபோச்சு. அக்டோபர் 26இல் அறிவித்த நெருக்கடிநிலையோ 1968 ஜனவரி வரை நீடித்தது. ஒரு மாதச் சண்டைக்கு ஐந்து வருஷத்துக்கும் மேலாக நெருக்கடி! அவ்வளவு காலமும் 19ஆம் பிரிவின் பேச்சுரிமை முடங்கிக் கிடந்தது. முடங்கிக் கிடந்த உரிமைக்கே 1963 அக்டோபரில் பதினாறாவது திருத்தம் வேலியும் போட்டது. இறையாண்மை, ஒருமைப்பாடு பேரால் பேச்சைக் கட்டுப்படுத்தலாம். தேர்தலில் நிற்பவர் அவற்றைக் காப்பதாக உறுதிமொழி எடுக்க வேண்டும். போருக்கான ஆதரவைத் தி.மு.க. 1962லேயே சொல்லிவிட்டது. கோரிக்கையைக் கைவிட்டது 1963இல். இந்த ஒரு வருஷ இடைவெளியைத்தான் ரெண்டு கதையாடல்களும் விழுங்கிவிடுகின்றன.

1798இல் அமெரிக்காவிலும் இப்படித்தான். பிரான்ஸோடு அறிவிக்காத கடற்போர். ஆளும் ஃபெடரலிஸ்டுகள் ராஜதுரோகச் சட்டம் கொண்டுவந்து ஜெஃபர்சன் தரப்புப் பத்திரிகைக்காரர்களைச் சிறையில் தள்ளினார்கள். அந்தச் சட்டம் 1801இல் காலாவதியாச்சு. நம்ம திருத்தத்துக்குக் காலாவதித் தேதி கிடையாது.

பொதுவுடைமைத் தோழர்களின் வரலாறெழுதும் முறையும் இதற்குச் சளைத்ததில்லை. நவம்பர் 1இல் தேசியக் கவுன்சில் சீனாவைக் கண்டித்துத் தீர்மானம் போட்டது. அதே மாதம் பாதுகாப்புச் சட்டத்தில் நூற்றுக்கணக்கானோர் கைதானார்கள். பெரும்பாலும் ஒரே தரப்பினர். டாங்கே வெளியே இருந்தார். 1964இல் கட்சி ரெண்டாச்சு. பிளவுக்குத் தத்துவக் காரணங்கள் இருந்தன, மறுக்கவில்லை. ஆனால் யார் உள்ளே, யார் வெளியே என்று அரசு போட்ட பட்டியலும் ஒரு பிரதிதானே? அதை வாசிக்காமல் தீர்மானங்களை மட்டும் வாசித்து என்ன பிரயோஜனம்?

வீடு இருந்தால்தானே ஓடு மாற்ற முடியும் என்று அண்ணா சொன்னதாக மேடைதோறும் கேட்டிருக்கிறோம். அழகான உவமைதான். சிக்கலும் அங்கேதான். வீடு பொதுவானது, சண்டை ஓட்டைப் பற்றியது மட்டும் என்று அது முன்கூட்டியே தீர்மானித்துவிடுகிறது. பெரம்பலூர், அரியலூர் பக்கம் அன்றைக்குக் கூரைவீட்டில் கிடந்தவனுக்கு ஓடு ஏது? வீட்டுக்குள் யார் எந்த மொழியில் பேசலாம் என்ற கேள்வி உவமைக்கு வெளியே நின்றுவிட்டது.

அந்தக் கேள்வியோடு வந்தவர் கீழப்பழுவூர் சின்னச்சாமி. அன்று திருச்சி மாவட்டம், இப்போது அரியலூர். 1964 ஜனவரி 25, குடியரசு தினத்துக்கு முந்தின நாள், இந்தித் திணிப்பை எதிர்த்துத் திருச்சி ரயில் நிலையத்தின் முன்னால் தீக்குளித்தார். நம் வரலாறுகள் அவரை மொழிப்போர் அத்தியாயத்தில் வைக்கின்றன. சரி. ஆனால் அந்தத் தேதியில் பேச்சுரிமை முடக்கத்தில் இருந்தது என்பதை எந்த அத்தியாயத்தில் எழுதுவது? தியாகி என்ற சொல்லைப் போட்டு மூடிவிட்டால் இதைக் கேட்கவே வேண்டியதில்லை, இல்லையா?

1965 பிப்ரவரியில் இந்தி எதிர்ப்புக்காகக் கருணாநிதியைக் கைது செய்து பாளையங்கோட்டைச் சிறையில் வைத்தார்கள். அதற்குப் பயன்பட்டதும் 1962இன் அதே இந்தியப் பாதுகாப்புச் சட்டம்தான்.