நூலக வரியும் சோலைவரியும்

சென்னையில் இருபது, முப்பது ஆண்டுகளுக்கு முன் அச்சான ஒரு நூலை எடுத்து, தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தைப் பாருங்கள். பெரும்பாலும் ‘நூல் விவரம்’ என்றொரு பட்டியல் இருக்கும். அளவு கிரவுனா டெமியா, தாள் எத்தனை கிலோ, எழுத்து எத்தனை புள்ளி, பக்கம் எத்தனை, கட்டுமானம் என்ன, விலை என்ன என்று வரிசையாகப் போட்டிருப்பார்கள். கதை படிக்க வந்தவருக்கு இதில் பாதிக்கு மேல் தேவைப்படாது. ஆனால் ஓர் அச்சுப் பாரத்துக்கு என்ன விலை கொடுக்கலாம் என்று கணக்குப் போடும் நூலகத் துறைக்கு இவை எல்லாமே வேண்டும். யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ வெளிவந்த நூலில் அதே பக்கம் வேறு மாதிரி. ‘வெளியீடு’ என்ற இடத்தில் ஆசிரியரின் பெயர் அல்லது அவர் வீட்டாரின் பெயர் இருக்கும். முகவரி வீட்டு முகவரி. அதன் கீழே கொழும்பிலுள்ள தேசிய நூலகம் வழங்கிய சர்வதேசத் தராதர நூல் எண்ணும், சில நூல்களில் பட்டியலாக்கத் தரவும். இரண்டு பக்கங்களையும் அருகருகே வைத்தால், தமிழ் நூலுக்கும் அரசுப் பணத்துக்கும் இரு நாடுகளிலும் உள்ள உறவு தெரிந்துவிடும். தமிழ்நாட்டில் அரசுதான் நூலின் பெரிய வாடிக்கையாளர். இலங்கையில் அரசு நூலைப் பதிந்து எண் கொடுக்கிறது. வாங்கினால் கொஞ்சமாக, ஒழுங்கில்லாமல் வாங்குகிறது. எவ்வளவு பணம் என்பதைவிட, அது எந்த உரிமையில் வருகிறது, அதைச் செலவிடும் தீர்மானம் எங்கே எடுக்கப்படுகிறது என்பவையே முக்கியம் என்று நினைக்கிறேன். நூல் வாங்கும் பணத்துக்குச் சட்டத்தின் காவல் வேண்டும். நூலைத் தெரிவு செய்யும் வேலை வாசகருக்குப் பக்கத்தில் நடக்க வேண்டும். தமிழ்நாட்டில் முதலாவது இருக்கிறது. இலங்கையில் இரண்டாவதற்கான அமைப்பு இருக்கிறது. இரண்டும் ஓரிடத்தில் சேரவில்லை.

தமிழ்நாட்டுக்கு அந்தக் காவல் 1948-இல் வந்தது. அவினாசிலிங்கம் செட்டியார் சென்னை மாகாணக் கல்வி அமைச்சராக இருந்தபோது நிறைவேறிய பொது நூலகச் சட்டம், சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம். அதற்குப் பின்னால் நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதனின் பல்லாண்டு முயற்சி இருந்தது. சட்டத்தின் உயிர் அதன் வரிப் பிரிவில் இருக்கிறது. வீட்டுக்கும் கட்டடத்துக்கும் கட்டும் சொத்துவரியோடு நூலக வரியும் சேர்த்து வாங்கப்படுகிறது. இன்றைய கணக்கில் ரூபாய்க்குப் பத்துப் பைசா. உள்ளாட்சி அமைப்பு அதைத் திரட்டி மாவட்ட நூலக ஆணைக்குழுவிடம் ஒப்படைக்க வேண்டும். ஆண்டுதோறும் நிதியமைச்சரின் மனம் இரங்கி வரும் மானியம் இல்லை இது. வரி வளர வளர நூலகத்தின் பங்கும் வளரும். வேறு எதற்கும் திருப்ப முடியாத பணம். நாலாயிரத்துக்கு மேற்பட்ட நூலகங்கள் ஊர்ப்புறம் வரை விரிந்ததற்கும், ‘லைப்ரரி ஆர்டர்’ என்ற சொல் பதிப்பாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரிந்த சொல்லானதற்கும் இந்தப் பத்துப் பைசாதான் அடிப்படை. ஒரு காலத்தில் தெரிவான ஒரு தலைப்புக்கு ஆயிரம் பிரதிகள் வரை வாங்கினார்கள். கடையில் ஆண்டுக்கு நூறு பிரதி போகாத நாட்டார் வழக்காற்று நூலும் நாடகப் பிரதியும் கல்வெட்டு ஆய்வும் அச்சேறியது அதனால்தான். தமிழில் சிறு பதிப்பகம் என்ற ஒன்று நின்று பிடித்ததில் எழுத்தாளரின் தியாகத்துக்குப் பங்கு உண்டு. சொத்துவரி கட்டிய குடும்பங்களுக்கும் பங்கு உண்டு. அந்தக் குடும்பங்களை யாரும் நினைப்பதில்லை.

இந்த ஏற்பாடு நோயில்லாத ஏற்பாடு அல்ல. கொள்முதலின் பெரும்பகுதி சென்னையில் தீர்மானமாகி மாவட்டங்களுக்கு அனுப்பப்படுகிறது. தூத்துக்குடி மீனவர் குடியிருப்பில் உள்ள கிளை நூலகத்துக்கும் நீலகிரித் தேயிலைத் தோட்டத்தருகே உள்ள ஊர்ப்புற நூலகத்துக்கும் ஒரே கட்டு வந்து இறங்கும். அங்கே வருகிறவர்கள் என்ன கேட்டார்கள் என்பதற்கு அந்தக் கட்டில் இடமில்லை. விலையைப் பக்கக் கணக்கில் வைத்ததால், பத்தாண்டு உழைத்து எழுதிய ஆய்வுக்கும், உரிமைத்தொகை கொடுத்துப் பெற்ற மொழிபெயர்ப்புக்கும், பழைய நூலைப் பெயர்மாற்றி அச்சிட்டதற்கும் ஒரே மதிப்பு. கடைக்கே வராமல் நூலகத்துக்கென்றே அச்சாகும் நூல்கள் பெருகின. ஆர்டர் வராத ஆண்டுகளும், வந்தும் பணம் வராத ஆண்டுகளும் சிறு பதிப்பாளர்களை வட்டிக்கடையில் கொண்டுபோய் நிறுத்தின. உள்ளாட்சி அமைப்புகள் மக்களிடம் வாங்கிய நூலக வரியை உரிய காலத்தில் ஒப்படைப்பதில்லை என்ற குறையும் பழையதே. 2024-இல் தமிழ்நாடு அரசு வெளிப்படையான நூல் கொள்முதலுக்கென ஒரு கொள்கையை அறிவித்து, விண்ணப்பத்தை இணையவழியாக்கியிருக்கிறது. வரவேற்க வேண்டிய திருத்தம்தான். ஆனால் விண்ணப்பம் எந்த வழியில் போனாலும், வாங்கும் கை ஒன்றாகவே இருந்தால் அந்தக் கையின் சுபாவம் எல்லா நூலகத்திலும் தெரியும். 2010 செப்டம்பரில் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தை, ஆட்சி மாறிய 2011-ஆம் ஆண்டிலேயே குழந்தைகள் மருத்துவமனையாக்கப் போவதாக அரசு அறிவித்தது. உயர்நீதிமன்றம் தடுத்திராவிட்டால் கோட்டூர்புரத்தில் இன்று அந்த நூலகம் இல்லை.

இலங்கையில் கதை தலைகீழ். பொது நூலகம் அங்கே மாநகரசபையின், நகரசபையின், பிரதேச சபையின் உடைமை. 341 உள்ளூராட்சி மன்றங்கள் தத்தம் நூலகங்களை நடத்துகின்றன. நூலகர் சபையின் ஊழியர். கட்டடம் சபையின் கட்டடம். எந்த நூல் வாங்குவது என்பதும் ஊரளவில் தீர்மானிக்கக்கூடியது. யாழ்ப்பாணப் பொது நூலகம் இந்த மரபில் எழுந்ததே. 1930-களில் க. மு. செல்லப்பா தன் வீட்டில் தொடங்கிய சிறு சேகரம், ஊரார் பணத்தில் வளர்ந்து, மாநகரசபையின் கைக்குப் போய், 1959-இல் புதிய கட்டடத்தில் குடியேறியது. அந்தக் கட்டடத்தை வரைந்தவர் சென்னைக் கட்டடக்கலைஞர் நரசிம்மன். நூலக அமைப்புக்கு ஆலோசனை சொன்னவர் அதே ரங்கநாதன். ஆனால் சென்னையில் அவர் வேண்டிப் பெற்ற வரி கடல் கடந்து வரவில்லை. யாழ்ப்பாணத்தார் ‘சோலைவரி’ என்று சொல்லும் ஆதனவரியில் நூலகத்துக்கென்று ஒதுக்கிய சதம் கிடையாது. எல்லா வரியும் ஒரே பெட்டிக்குள் போகும். குப்பை, வடிகால், தெருவிளக்கு, சம்பளம் எல்லாம் எடுத்தபின் மிஞ்சுவதில்தான் நூல். ஒக்டோபர் மாதம் தேசிய வாசிப்பு மாதம் என்பதால் அந்த மாதத்தில் போட்டிகள் நடக்கும், பரிசு கொடுப்பார்கள், விலைமனு கோரி கொஞ்சம் நூல் வாங்குவார்கள். உள்ளூராட்சி மன்றங்கள் 2023 மார்ச்சில் கலைந்து, தேர்தல் 2025 மே மாதம்தான் நடந்தது. இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளும் இந்த நூலகங்களுக்காகக் கேள்வி கேட்கத் தெரிவான உறுப்பினர் ஒருவர்கூட இல்லை. பணத்துக்குச் சட்டக் காவல் இருந்திருந்தால் அந்த இடைவெளி நூலகத்தைத் தொட்டிருக்காது.

மத்திய அரசு ஒன்றும் செய்வதில்லை என்று சொல்லிவிட முடியாது. 1970-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்து, 1998-இல் மறுசீரமைக்கப்பட்ட தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபை, கையெழுத்துப் பிரதிகளைப் பரிசீலித்துத் தெரிவாகும் நூல்களுக்கு வெளியீட்டு உதவி தருகிறது. அரச சாகித்திய விருது சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றுக்கும் உண்டு. ஆனால் இவை ஆசிரியருக்குத் தரும் உதவி. நூலை வாசகரிடம் கொண்டுபோகும் வழி அல்ல. அந்த வெற்றிடத்தை வெளியீட்டு விழா நிரப்புகிறது. மண்டபத்தில் வரவேற்புரை, வெளியீட்டுரை, நயப்புரை முடிந்ததும் முதற்பிரதி பெறுபவர் மேடைக்கு வருவார். ஆசிரியர் நூலை இரு கையாலும் நீட்ட, அவர் ஒரு கடித உறையை ஆசிரியர் கையில் வைப்பார். பிறகு சிறப்புப் பிரதி பெறுபவர்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக ஒலிவாங்கியில் அழைக்கப்படும். ஒவ்வொருவரும் ஓர் உறை. அச்சகத்துக்குக் கட்ட வேண்டிய காசு பெரும்பாலும் அன்று மாலை அந்த உறைகளிலிருந்துதான் வருகிறது. கொழும்பில் புரவலர் ஹாசிம் உமர் எண்ணற்ற விழாக்களில் முதற்பிரதி வாங்கியதோடு, முதல் நூல் எழுதுவோருக்கென்றே ‘புரவலர் புத்தகப் பூங்கா’வையும் நடத்தினார். இந்தக் கொடையை நான் மதிக்கிறேன். வறுமையிலும் போரிலும் ஈழத்து எழுத்து அச்சில் நிலைத்ததற்கு இது பெரும் காரணம். ஆனால் உறை கொடுத்து வாங்கிய நூல் மண்டபத்துக்கு வந்தவரின் வீட்டுக்குத்தான் போகும். மட்டக்களப்பில் வெளியான சிறுகதைத் தொகுதி மன்னார் நூலகத்துக்கோ, அட்டன் நூலகத்துக்கோ போவதற்கு அதில் வழியில்லை.

இலங்கையில் அரசுக் கொள்கை தமிழ் நூலுக்குப் பெருந்துணையாக இருந்த காலம் ஒன்று உண்டு. 1970-களின் முற்பகுதியில் இந்திய இதழ்கள், நூல்களின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. அந்த இடத்தில் வீரகேசரி பிரசுரம் எழுந்தது. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’, செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’ போன்ற நாவல்கள் மலிவு விலையில் நாடெங்கும் போயின. 1977-க்குப் பின் இறக்குமதி திறந்ததும் அந்த அலை அடங்கியது. போட்டியைத் தடுத்துக் கிடைத்த வளர்ச்சி, தடை போனதும் போய்விட்டது. சென்னையின் நூலக வரியோ யாரையும் தடுக்கவில்லை. நூலை வாங்கியது, அவ்வளவுதான். எழுபத்தைந்து ஆண்டுகளாக அந்த ஏற்பாடு நிற்கிறது.

இலங்கை ஏழை நாடு, பொருளாதார நெருக்கடியில் நூலுக்கு எங்கே வரி போடுவது என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது. 2022 மார்ச்சில் தாள் இல்லாமல் மேல் மாகாணப் பாடசாலைத் தவணைப் பரீட்சைகள் தள்ளிப்போன நாடு அது. சில செய்தித்தாள்களே அச்சை நிறுத்தின. ஆனால் அதே நாடு 2024 ஜனவரியில் பெறுமதிசேர் வரியை 18 வீதமாக்கியபோது நூலையும் அதற்குள் கொண்டுவந்தது. இந்தியாவில் அச்சு நூலுக்குச் சரக்கு சேவை வரி கிடையாது. ஆக, நூலிடமிருந்து எடுக்க முடிந்த அரசுக்கு, நூலுக்குக் கொடுக்க முடியாது என்பது வலுவான வாதமல்ல. தேவைப்படும் தொகையும் பெரிதல்ல. ஈழத்தில் ஒரு கவிதைத் தொகுதியின் முதற்பதிப்பு வழக்கமாக முந்நூறு, ஐந்நூறு பிரதிகள்தான். வடக்கு, கிழக்கு, மலையகம், கொழும்பு, புத்தளம் என்று தமிழ் வாசகர் வரும் நூலகங்களில் இருநூறு மட்டும் தலைக்கு ஒரு பிரதி வாங்கினாலே அச்சுக்கூலி வந்துவிடும். தமிழ்நாட்டில் ஒரு நூலைக் காப்பாற்ற ஆயிரம் பிரதி வேண்டியிருந்தது. இலங்கையில் இருநூறு போதும்.

ஊரிடம் தெரிவை விட்டால் தவிசாளரின் உறவினர் எழுதிய நூல்தான் வாங்கப்படும் என்பது அடுத்த ஆட்சேபம். அந்த ஆபத்து உண்டு. ஆனால் சென்னையில் நூலைத் தெரிவு செய்யும் குழுவிலும் அதே ஆபத்து உண்டு. அங்கே ஒரு தவறான தெரிவு ஆயிரம் பிரதியாகப் பெருகும், ஊரில் ஒரு பிரதியோடு நிற்கும். இதற்கு இந்தியாவிலேயே விடை இருக்கிறது. கேரளத்தில் 1945-இல் பி. என். பணிக்கர் தொடங்கிய கிரந்தசாலை இயக்கத்தின் வழியில் 1989-இல் வந்த சட்டம், வரியையும் ஊர்த்தெரிவையும் இணைத்தது. அங்கே நூலகத்தை உறுப்பினர்கள் தெரிவு செய்த குழு நடத்துகிறது. மாநில நூலகக் கவுன்சில் மானியம் கொடுக்கிறது. மாவட்டப் புத்தகத் திருவிழாவுக்கு அந்தக் குழுவினரே வந்து, மேசை மேசையாகப் பார்த்து, தங்கள் ஊருக்கு வேண்டிய நூலை வாங்கிக் கட்டிக்கொண்டு போகிறார்கள். சிறிய ஊரின் வாசகருக்குத் தெரிவு செய்யத் தெரியாது என்ற எண்ணத்தைக் கேரளம் அரை நூற்றாண்டுக்கு முன்பே கைவிட்டுவிட்டது. தமிழ்நாடு இப்போது மாவட்டந்தோறும் அரசுச் செலவில் புத்தகக் காட்சி நடத்துகிறது. அந்தக் காட்சிக்கே கிளை நூலகரையும் வாசகர் வட்டத்தாரையும் ஒரு தொகையோடு அனுப்புவதற்குப் புதிய சட்டம்கூடத் தேவையில்லை.

மூன்றாவது ஆட்சேபத்தைத்தான் நான் கனமாக எடுத்துக்கொள்கிறேன். அரசின் பணம் வந்தால் அரசின் கையும் வரும் என்று ஈழத் தமிழர் அஞ்சுவதற்குக் காரணம் இருக்கிறது. 1981 யூன் முதலாம் திகதி விடியும்போது, யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டு, சுமார் 97,000 நூல்கள் சாம்பலாகிக் கிடந்தன. அந்த அவநம்பிக்கைதான் 2005 முதல் தன்னார்வலர் உழைப்பிலும் நன்கொடையிலும் ‘நூலகம்’ எண்ணிம நூலகத்தை வளர்த்து, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆவணங்களைக் காத்து வைத்திருக்கிறது. ஆனால் தன்னார்வலர் பழைய நூலைக் காக்கலாம். ஆண்டுதோறும் புதிய நூலை ஒவ்வொரு ஊர் நூலகத்துக்கும் வாங்கிக் கொடுக்க அவர்களால் இயலாது. அதிலும் நூலக வரி என்பது அரசின் பரிசு அல்ல. ஊரார் கட்டிய பணம், ஊராருக்கே சட்டப்படி திரும்புவது. விருதையும் உதவித்தொகையையும் அமைச்சு நினைத்தால் நிறுத்தலாம். இருநூறு நூலகங்கள் தனித்தனியே வாங்கும் ஒவ்வொரு பிரதியையும் ஒரே ஆணையால் நிறுத்துவது கடினம்.

எனவே இரண்டு கோரிக்கைகள். தமிழ்நாட்டில் நூலக வரியின் கொள்முதல் தொகையில் ஒரு நிச்சயப் பங்கைக் கிளை நூலகத்தின் தெரிவுக்கு விடுங்கள். வாங்கிய பட்டியலை அந்த நூலக வாசலிலேயே ஒட்டுங்கள். 2025 மே மாதம் தெரிவாகி இலங்கைச் சபைகளில் அமர்ந்திருக்கும் உறுப்பினர்களே, அடுத்த வரவுசெலவுத் திட்டத்தில் ஆதனவரியின் ஒரு பங்கை நூலுக்கென்று தனி வரியாக எழுதித் தீர்மானம் நிறைவேற்றுங்கள். மாகாண அளவில் சட்டம் வரும்வரை அது போதும். சென்னையில் சொத்துவரி கட்டுபவர் அடுத்த அரையாண்டு ரசீதில் நூலக வரி எவ்வளவு என்று பார்த்துவிட்டு, தன் தெரு நூலகத்துக்குப் போய் அந்த ஆண்டு வந்த புதிய நூல்களைக் கேட்கட்டும். யாழ்ப்பாணத்தில் சோலைவரி கட்டுபவர் தன் ரசீதில் அப்படி ஒரு வரி ஏன் இல்லை என்று சபையிடம் கேட்கட்டும்.