யார் எடுக்கும் முடிவு? தமிழ் இளையோர் நாவல் குறித்து

பழைய புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் 1922ஆம் ஆண்டு இரண்டு எழுத்தாளர்கள் பிறந்தார்கள். ஜூனில் பெருங்களூரில் அகிலன், நவம்பரில் இராயவரத்தில் அழ. வள்ளியப்பா. மூன்று ஆண்டு கழித்து அரிமளத்தில் பிறந்த வி. கிருஷ்ணமூர்த்தியை வாண்டுமாமா என்றால்தான் நமக்குத் தெரியும். பதிப்பாளர் 'சக்தி' வை. கோவிந்தனும் இராயவரத்துக்காரர். இந்தியன் வங்கிக்குப் போகும் முன் வள்ளியப்பா வேலை பார்த்தது அவருடைய சக்தி காரியாலயத்தில்தான். குழந்தைகளுக்கு எழுத இவ்வளவு பேரைக் கொடுத்த மண் இது. ஆனால் மீசை அரும்புகிற வயதுக்காரனுக்கும் தாவணி வயதுப் பெண்ணுக்கும் என்றே எழுதப்பட்ட நாவல் தமிழில் ஒரு தனி வகையாகத் திரண்டது அண்மையில்தான். ஏன் இவ்வளவு தாமதம்? இந்த ஊர்க்காரர்களை வைத்தே யோசித்துப் பார்க்கலாம்.

வாண்டுமாமாவின் பலம் கதைப்பின்னல். கோட்டை, காடு, புதையல், துரத்தல். ஆபத்து உச்சத்துக்கு வரும் இடத்தில் அத்தியாயத்தை நிறுத்தி அடுத்த இதழ்வரை வாசகனைக் காக்கவைக்கும் வித்தை அவருக்குக் கைவந்தது. அவருடைய நாயகர்கள் துணிச்சலோடு புறப்பட்டு அதே துணிச்சலோடு வீடு திரும்புகிறவர்கள். வழியில் அவர்களுக்குள் எதுவும் உடைவதில்லை. பத்து வயதில் அது ஒரு குறையாகவே படாது. பதினைந்தில் படும்.

வள்ளியப்பா பாட்டுக்காரர். உரைநடைக்கு வரும்போது அவர் கண் கதையின் பொருள்மீதுதான் இருந்தது: நட்பு, நேர்மை, நல்ல பழக்கம். 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கத்தைத் தொடங்கி ஒரு தலைமுறையையே எழுத வைத்தவர் அவர். அந்த உழைப்பைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. என்றாலும் 'இந்தக் கதையால் குழந்தைக்கு என்ன நன்மை?' என்ற கேள்வி அந்தத் தலைமுறையிடமிருந்துதான் நமக்கு வந்தது. அது இன்னும் போகவில்லை. பள்ளித் தேர்வில் துணைப்பாடக் கதைக்குப் பதில் எழுதும் மாணவர் கதைமாந்தரை 'நல்லவர், இரக்க குணம் உடையவர்' என்று இரண்டு வரியில் முடித்துவிட்டு, கதை உணர்த்தும் நீதிக்கு ஒரு பக்கம் ஒதுக்குகிறார். நோட்ஸ் அப்படித்தான் பழக்கியிருக்கிறது. நம் விமர்சகர்களில் பலர் அந்த நோட்ஸைத் தாண்டவில்லை என்பது வேறு கதை.

அகிலனின் இடம் விசித்திரமானது. அவர் பெரியவர்களுக்கு எழுதினார். படித்தவர்களில் பலர் பள்ளிப் பிள்ளைகள். தமிழில் இளையோர் நாவல் இல்லாத காலத்தில் அந்த இடத்தை நிரப்பியவை சரித்திரத் தொடர்கதைகள்தாம். அம்புலிமாமாவைக் கீழே வைத்த கை நேராகக் கல்கியையும் சாண்டில்யனையும் எடுத்தது. அகிலனின் 'வேங்கையின் மைந்த'னையும் எடுத்தது. 1963இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற அந்த நாவலின் நாயகன் இளங்கோ, கொடும்பாளூர் இளவரசன். திருச்சி - மதுரை சாலையில் விராலிமலையைத் தாண்டிப் போகிறவர்கள் அந்த ஊரைப் பார்த்திருப்பார்கள். மூவர் கோயிலின் மூன்று விமானங்களில் இரண்டு நிற்கின்றன, மூன்றாவதற்கு அடித்தளம் மட்டும்.

நாவலில் பாண்டியர் மணிமுடி ஈழத்தில் ஒளித்துவைக்கப்பட்டிருக்கிறது. அதை மீட்பது சோழ மன்னன் இராஜேந்திரனின் ஆணை. அதற்காகப் போகும் இளங்கோவின் மனம் ஈழ மன்னனின் மகள் ரோகிணியிடம் போய்விடுகிறது. அவளுக்கோ அவனும் வேண்டும், தந்தையின் மானமும் வேண்டும். இருவரில் யார் எந்த அடி எடுத்து வைத்தாலும் இன்னொருவருக்குத் துரோகம். கதை நகர்வது இந்த இக்கட்டால்தான். போர்க்களம் அதற்குப் பின்னணி. கதைமாந்தர், கதைக்கரு, கதைப்பின்னல் என்று பிரித்து எழுதச் சொன்னால் மாணவர் திணறுவார், ஏனென்றால் மூன்றும் ஒரே முடிச்சு. பதினைந்து வயது வாசகர் அந்த நாவலில் தன்னைக் கண்டுகொண்டதற்குச் சோழப் பெருமை மட்டும் காரணமாக இருக்க முடியாது. வீட்டுக்கு ஒரு விசுவாசமும் மனசுக்கு ஒரு விசுவாசமுமாகக் கிடந்து தவிக்கிற வயது அது.

1967இல் எஸ்.இ. ஹின்டனின் 'தி அவுட்சைடர்ஸ்' நாவல் வெளிவந்தபோது அமெரிக்காவில் இந்த முடிச்சு சமகாலத் தெருவுக்கு வந்தது. எழுதியவரே பதின்வயதுப் பெண். நமக்கு அது அரண்மனையிலேயே நின்றுவிட்டது.

இப்போது நிலைமை மாறியிருக்கிறது. சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய புரஸ்கார் விருதுப் பட்டியலைப் பார்த்தாலே தெரியும். 2020இல் யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்', 2023இல் உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை', 2025இல் விஷ்ணுபுரம் சரவணனின் 'ஒற்றைச் சிறகு ஓவியா'. முதல் நாவல் சிறுவர்மீதான பாலியல் சீண்டலைப் பேசுகிறது. போக்சோ சட்டம் 2012இலேயே வந்தும் வீடுகளில் யாரும் வாய் திறக்காத விஷயம். அதை மரப்பாச்சி பேசுகிறது. உத்தி புத்திசாலித்தனமானது: பெரியவர் சொன்னால் அறிவுரை, பொம்மை சொன்னால் சிநேகிதம். எட்டு, பத்து வயதுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தோன்றவில்லை. அதே உத்தி வயது கூடிய வாசகருக்கான நாவலுக்குள் வரும்போதுதான் சிக்கல். 'ஆதனின் பொம்மை'யில் இன்றைய சிறுவன் கீழடியின் பழங்காலச் சிறுவன் ஆதனைச் சந்திக்கிறான். கீழடி என்ற பொருளின் கனம் பெரிது. அந்தக் கனத்தில் இன்றைய பையன் வியந்து கேட்பவனாக ஒதுங்கிவிடுகிறான் என்பது என் மனக்குறை. அவன் எதையாவது இழக்கத் துணிந்திருந்தால் அது இன்னும் பெரிய நாவலாகியிருக்கும்.

எனவே இந்த வகை நாவலைப் படிக்கும்போது நான் முதலில் தேடுவது ஒன்றைத்தான். திருப்பத்தில் முடிவெடுப்பது யார்? மாயமா, ஆசிரியரா, அந்தப் பிள்ளையா? அந்த முடிவுக்கு அது என்ன விலை கொடுக்கிறது?

புதுக்கோட்டையிலேயே இதற்கு ஒரு களம் இருக்கிறது. 2022 டிசம்பரில் வேங்கைவயலில் குழந்தைகள் நோய்வாய்ப்பட்டார்கள். பட்டியல் சாதியினர் குடியிருப்பின் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியில் மனிதக் கழிவு கலந்திருந்தது தெரியவந்தது. இதை நாவலாக்க முனைபவர் மாயப் பொம்மையை வைத்துக் குற்றவாளியைக் காட்டிக்கொடுக்க வைத்தால் கதை இரண்டாம் பக்கத்திலேயே முடிந்துவிடும். அந்தத் தண்ணீரைக் குடித்த ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியைக் கற்பனை செய்யலாம். அதே பெஞ்சில் பக்கத்துத் தெருத் தோழி. திங்கட்கிழமை அந்தப் பெஞ்சில் போய் உட்காருவதா, இடம் மாறுவதா, தோழியிடம் கேட்டே விடுவதா? முதல் அத்தியாயத்தை அங்கே தொடங்கலாம்.