மிஷிலிடம் அரசியல் படித்த இளவரசி

வாள் உருவும் காட்சிகளைவிட, இரண்டு பெண்கள் எதிரெதிரே உட்கார்ந்து பேசும் காட்சிகளுக்காக மக்கள் காத்திருந்த சரித்திரத் தொடர் ஒன்று உண்டு. 2009 மே மாதம் தொடங்கி டிசம்பர் வரை கொரியாவின் எம்.பி.சி. தொலைக்காட்சியில் திங்கள், செவ்வாய் இரவுகளில் ஓடிய ‘சொன்டொக் மகாராணி’தான் அது. மொத்தம் 62 பகுதிகள். உச்சத்தில் இருந்தபோது அதன் பார்வையாளர் விகிதம் 40 சதவீதத்தைத் தாண்டியது. எழுதியவர்கள் இருவர்: ‘தே ஜாங் கும்’ தொடரால் ஏற்கெனவே புகழ்பெற்றிருந்த கிம் யங்-ஹ்யுன், அவருடன் பார்க் சாங்-யொன்.

கதையின் நாயகி தொக்மான் வரலாற்றில் வாழ்ந்தவர். சொன்டொக் என்ற பெயரில் 632 முதல் 647 வரை சில்லா நாட்டை ஆண்டவர். கொரிய வரலாற்றில் அரியணை ஏறிய முதல் பெண். ஆனால் அவரைப் பற்றிய ஏடுகள் கொஞ்சமே பேசுகின்றன. 1145இல் ‘சம்குக் சாகி’ என்ற வரலாற்று நூலைத் தொகுத்த கிம் பூ-சிக், ஒரு பெண்ணை அரியணையில் ஏற்றியதே தவறு என்று குறை சொல்லிவிட்டுப் போகிறார். எதிர்நாயகி மிஷிலின் பெயரோ அந்த நூலில் இல்லவே இல்லை. ‘ஹ்வாராங் செகி’ என்ற கைப்பிரதியில்தான் அவர் வருகிறார். அந்தக் கைப்பிரதி உண்மையானதா, பிற்காலத்தில் புனையப்பட்டதா என்று அறிஞர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். இந்த இடைவெளியைத்தான் எழுத்தாளர்கள் பயன்படுத்திக்கொண்டார்கள். நல்ல அரசி, கெட்ட சூழ்ச்சிக்காரி என்று கோடு கிழிக்காமல், ஆளும் வித்தையைக் கரைத்துக் குடித்த ஒருத்தியிடம் அவளை வீழ்த்த வந்தவளே அந்த வித்தையைக் கற்றுக்கொள்வதாகக் கதையை அமைத்தார்கள்.

மிஷிலின் பலம் எங்கே இருக்கிறது என்பதைத் தொடர் பொறுமையாக அவிழ்க்கிறது. படையும் பிரபுக்களும் அவள் பக்கம் இருப்பது கண்ணுக்குத் தெரிந்த பலம். கண்ணுக்குத் தெரியாதது ஒரு பஞ்சாங்கம். கிரகணம் எப்போது, மழை எப்போது என்று கணிக்கும் நூல் அவள் கையில் மட்டும் இருக்கிறது. கணக்குப் போட்டு அறிந்ததை அவள் தெய்வவாக்காக அறிவிக்கிறாள், ஊர் கும்பிடுகிறது. பாலைவன வணிகர்களுக்கு நடுவே பல மொழிகளைக் கேட்டு வளர்ந்த தொக்மானுக்கு இந்த ரகசியம் பிடிபடுகிறது.

சூரிய கிரகணப் பகுதிகள் இந்தத் தொடரின் திரைக்கதைத் திறமைக்கு உரைகல். கிரகணம் வரப்போகிறது என்ற பேச்சைத் தொக்மான் பரப்புகிறாள். மிஷிலின் தனித்திறமை முகம் படிப்பது. எதிராளி பொய் சொல்கிறானா என்பதைக் கண் அசைவிலேயே கண்டுபிடித்துவிடுவாள். அதனால் தொக்மான் தன் ஆளான பிதாமையே ஏமாற்றி அனுப்புகிறாள். கிரகணம் வராது, எல்லாம் மிரட்டல்தான் என்று அவன் உண்மையிலேயே நம்புகிறான். அவன் முகத்தில் மிஷில் படித்தது சரியாகவே இருந்தது. அவன் அறிந்ததுதான் பொய். கிரகணம் இல்லை என்று அவள் அறிவித்த பிறகு சூரியன் இருள்கிறது. அந்த இருளில் தொக்மான் இளவரசியாக மக்கள் முன் வந்து நிற்கிறாள். வென்ற கையோடு தன்னை நம்பியவனை ஏமாற்றிய பாரமும் அவள் தலையில் ஏறுகிறது. தலைமைக்கு முதல் தவணை அங்கே கட்டப்படுகிறது.

இதை அடுத்து வரும் வாதம்தான் தொடரின் சிகரம். பஞ்சாங்க அறிவை ஒளித்துவைக்கமாட்டேன், வான்நோக்கு கோபுரம் ஒன்றைக் கட்டி எல்லோருக்கும் பொதுவாக்குவேன் என்கிறாள் தொக்மான். மிஷில் கோபப்படுவதில்லை. மர்மத்தை விட்டுக்கொடுத்துவிட்டு எதை வைத்து ஆளப்போகிறாய் என்று உண்மையான அக்கறையோடு கேட்கிறாள். மக்களுக்கு உண்மை ஒரு சுமை, அவர்கள் கேட்பது கனவு என்பது அவள் கட்சி. அறிந்தால் வாழ்க்கை சற்றே மேம்படும் என்ற நம்பிக்கையை வைத்து ஆளலாம் என்பது தொக்மானின் கட்சி. இரண்டு பக்கமும் வலுவாக எழுதப்பட்டிருப்பதால், பார்ப்பவர் மனம் ஊஞ்சலாடுகிறது. கியோங்ஜு நகரில் சுமார் 9 மீட்டர் உயரத்தில் இன்றும் நிற்கும் சொம்சொங்தே கற்கோபுரம் சொன்டொக் காலத்தது என்று சொல்லப்படுகிறது. அதன் பின்னணியில் இப்படி ஓர் அரசியல் தர்க்கத்தைக் கற்பனை செய்தது எழுத்தாளர்களின் சாதனை.

அந்தக் காட்சியைத் தாங்குவது நடிப்பு. மிஷிலாக வரும் கோ ஹ்யுன்-ஜங் குரலை உயர்த்துவதே அரிது. உதடு சிரித்துக்கொண்டிருக்கும், ஒரு புருவம் மட்டும் மெல்ல மேலே ஏறும். அவ்வளவுதான், எதிரே நிற்பவர் தன் பேச்சை மறந்துவிடுவார். அந்த ஆண்டு எம்.பி.சி. நாடக விருதுகளில் உச்ச விருது அவருக்கே போனது. தொக்மானாக நடித்த லீ யோ-வொன் செய்த வேலை சத்தம் குறைந்தது, ஆனால் இளைத்ததில்லை. மிஷில் பேசும்போது பயம், வியப்பு, பாடம் கேட்கும் ஆர்வம் மூன்றையும் அவர் ஒரே பார்வையில் வைத்திருக்கிறார்.

பாடம் எவ்வளவு கசக்கும் என்பதையும் தொடர் மறைக்கவில்லை. பஞ்சத்தால் கலகம் செய்த கிராமத்தாரைத் தண்டிக்காமல், நிலமும் இரும்புக் கலப்பைகளும் கொடுத்துப் பயிரிடச் சொல்கிறாள் தொக்மான். அவர்கள் நம்பாமல் ஓடிவிடுகிறார்கள். பிடித்துவந்தபின், மன்னித்தால் சொல்லுக்கு மதிப்பிருக்காது என்பதால் தலைவர்களைத் தன் கையாலேயே வெட்டுகிறாள். அதன்பின் நடுக்கம் நிற்காத அவள் கைகளைக் காமிரா விட்டு விலகுவதில்லை. தண்டனை புயலாக இருக்க வேண்டும், சலுகை சொட்டுச் சொட்டாக இருக்க வேண்டும் என்பது மிஷிலின் நெறி. அதை வெறுத்தவள் அதில் பாதியை ஏற்க வேண்டி வருகிறது.

மிஷிலின் வீழ்ச்சிக்குக் காரணமும் நுட்பமானது. இத்தனை அதிகாரம் இருந்தும் அவள் காலமெல்லாம் ஆசைப்பட்டது அரசனின் பட்டத்தரசி ஆவதற்கு. நானே அரசனாவேன் என்று ஓர் இளம்பெண் சொன்ன பிறகுதான், அந்த நினைப்பு தனக்கு ஏன் வரவில்லை என்று அவள் திகைக்கிறாள். உள்நாட்டுப் போர் மூண்டபோது, அவளுக்கு உதவ எல்லைப் படையொன்று புறப்பட்டு வருகிறது. அது வந்தால் அவள் வெல்லலாம். ஆனால் காவலற்ற எல்லைக்குள் பகை நாடான பெக்ஜே புகுந்துவிடும். படையைத் திருப்பி அனுப்பிவிட்டு, ஐம்பதாம் பகுதியில் நஞ்சருந்தி ஆசனத்தில் நிமிர்ந்தபடியே சாகிறாள்.

அவள் போன பிறகு வரும் 12 பகுதிகளில் வேகம் குறைகிறது என்பது பரவலான குறை. அதில் நியாயமும் உண்டு. ஆனால் வாதிட ஆளில்லாமல் தனித்துப்போன அரசியின் வெறுமையைச் சொல்ல அந்தப் பகுதிகள் தேவைப்படுகின்றன. அவற்றைத் தூக்கி நிறுத்துபவர் பிதாமாக வரும் கிம் நாம்-கில். மிஷில் பெற்றுக் கைவிட்ட மகன், தொக்மானைக் காதலித்தவன், கடைசியில் கலகத்தின் தலைவன். அவளை நோக்கிப் படைக்கு நடுவே வெட்டிக்கொண்டு வருபவன், இன்னும் எழுபது அடி, முப்பது அடி, பத்து அடி என்று எண்ணிக்கொண்டே விழுகிறான்.

வரலாற்றிலும் 647இல் பிதாம் கலகம் செய்தான். பெண்ணால் நாட்டை நன்றாக ஆள முடியாது என்பதே அவன் கூட்டத்தின் முழக்கம். கலகத்துக்கு நடுவே சொன்டொக் இறந்தார். தளபதி கிம் யூஷின் கலகத்தை அடக்கினார். அதன்பின் சில்லாவின் அரியணை மறுபடியும் ஒரு பெண்ணுக்கே போனது. ஜின்டொக் 654 வரை ஆண்டார்.