அலை நேரம் இல்லாத கள அறிக்கைகள்

கல்லூரி மாணவர்கள் கடற்கரைக்குப் போய்வந்து எழுதிக்கொடுக்கும் கள அறிக்கையைத் தனி எழுத்து வகையாகவே வைத்துப் படிக்கலாம். கவிதைக்கும் நாவலுக்கும் விமர்சனம் இருக்கும்போது இதற்கு மட்டும் ஏன் இல்லை? கடந்த சில வருடங்களில் ஆசிரிய நண்பர்கள் வழியாக இருபதுக்கும் மேற்பட்ட அறிக்கைகள் என் கைக்கு வந்தன. பெரும்பாலும் இளங்கலை விலங்கியல், சில சுற்றுச்சூழல் அறிவியல். பாதி ஆங்கிலம், பாதி தமிழ். கிட்டத்தட்ட எல்லாமே ஒரே அறிக்கை.

ஸ்பைரல் பைண்டிங். உள்ளே நன்றியுரை: முதல்வரில் தொடங்கி, துறைத்தலைவர் வழியாக, பஸ் டிரைவர் அண்ணன் வரை. பிறகு இந்தியக் கடற்கரையின் நீளம், தமிழ்நாட்டுக்கு 1,076 கிலோமீட்டர், மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள், 1986-இல் தேசியப் பூங்கா, 1989-இல் உயிர்க்கோளக் காப்பகம். எல்லாம் சரியான தகவல்தான். ஆனால் பஸ் ஏறாமலே எழுதியிருக்கலாம். அதன்பின் பயணம்: முதல் நாள் தூத்துக்குடி, இரண்டாம் நாள் மண்டபம், ராமேஸ்வரம், மூன்றாம் நாள் கன்னியாகுமரியில் சூரிய உதயம். கடைசியில் பேனர் பிடித்த குரூப் போட்டோ. "மாணவர்கள் மிகுந்த பயனடைந்தனர்" என்று முடியும்.

இவற்றில் ஒன்றில்கூட, அன்று கடல் எத்தனை மணிக்கு வற்றியது என்ற குறிப்பு இல்லை.

இதைச் சின்னக் குறை என்று நினைக்க வேண்டாம். மும்பையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் பல மீட்டர் வித்தியாசம். வற்றும்போது பாறைத்தளம் தானாகவே வெளியே வந்து கிடக்கும். 2017-இல் தொடங்கிய 'மரைன் லைஃப் ஆஃப் மும்பை' குழுவினர் வற்ற நேரம் பார்த்துப் பொதுமக்களைக் கரைநடை கூட்டிப்போய், கண்டதையெல்லாம் படமெடுத்து ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் ஏற்றுகிறார்கள். நம் பக்கம் அப்படியில்லை. சென்னையில் வித்தியாசம் சுமார் ஒரு மீட்டர், மன்னார் வளைகுடாவில் அதைவிடக் குறைவு. அதனாலேயே இங்கே நாள் பார்த்துப் போக வேண்டும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில், நன்றாக வற்றும் ஒன்றிரண்டு மணி நேரத்தில் பாறைக் குட்டையருகே உட்கார்ந்தால் நண்டு, நத்தை, கடல் சாமந்தி, சின்ன மீன் என்று வரிசையாகத் தெரியும். நண்பகலில், கடல் ஏறியிருக்கும்போது, ஐம்பது பேர் பஸ்ஸிலிருந்து இறங்கினால் தெரிவது தண்ணீர். அந்தத் தண்ணீரைத்தான் "கடல் சூழலியலை நேரில் கண்டோம்" என்று எழுதுகிறார்கள். பாவம், வேறென்ன எழுதுவார்கள்?

"சார், கடல் சம்பந்தமா ஏதாவது இன்டர்ன்ஷிப் இருக்கா?" என்று கேட்டு எனக்கும் கடிதங்கள் வருகின்றன. வாய்ப்புகளின் பட்டியல் ஒன்று கிடைத்தால் போதும் என்ற நம்பிக்கை அந்தக் கேள்வியில் இருக்கிறது. பட்டியல் போடுவது சுலபம். மண்டபத்திலும் தூத்துக்குடியிலும் சென்னையிலும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையங்கள் இருக்கின்றன. இப்போது கொச்சியில் இருக்கும் அதன் தலைமையகமே 1971 வரை மண்டபத்தில்தான் இருந்தது. வெள்ளாறு கடலில் சேரும் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம், பக்கத்திலேயே பிச்சாவரம் அலையாத்திக் காடு. தூத்துக்குடியில் பவளப்பாறை ஆய்வுக்குப் பேர்போன சுகந்தி தேவதாசன் நிறுவனம். பட்டியல் முடிந்தது. ஆனால் சிக்கல் பட்டியலில் இல்லை, காலண்டரில் இருக்கிறது.

பல பாடத்திட்டங்களில் இன்டர்ன்ஷிப்புக்குக் கிரெடிட் உண்டு. வழக்கமாக அது கோடை விடுமுறைக்குத் தள்ளப்படுகிறது, அதாவது மே மாதம். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கட்டிக்கிடக்கும். மீன் இறங்குதளத்தில் மாணவருக்குக் காட்ட வலை பழுதுபார்ப்பும் பெயின்ட் அடிப்பும்தான் இருக்கும். அதையும் யாராவது உருப்படியாக எழுதினால் நல்ல அறிக்கைதான். படகுச் செலவு, கடன், கூலி எல்லாம் அந்த இரண்டு மாதத்தில்தான் வாய்விட்டுப் பேசப்படும். ஆனால் போகிறவர்கள் "மீன்வரத்து குறைவாக இருந்தது" என்று ஒரு வரி எழுதிவிட்டு வந்துவிடுகிறார்கள். தடை என்ற சொல்லே இல்லாத மே மாத அறிக்கை ஒன்றும் என்னிடம் இருக்கிறது. கையெழுத்துப் போட்ட ஆசிரியர் அதைப் படித்திருப்பார் என்று நம்ப எனக்கு ஆசை.

ஆமைக்கும் இதே கதை. ஆலிவ் ரிட்லிக்குத் தமிழில் பங்குனி ஆமை என்று பெயர். பெயரிலேயே மாதம் இருக்கிறது. ஜனவரியில் தொடங்கி மார்ச், ஏப்ரல் வரை முட்டையிட வரும். முட்டை பொரிய சுமார் 45 முதல் 50 நாள். அது சரியாக இரட்டைப்படை செமஸ்டர்: இன்டர்னல், பிராக்டிகல், பிறகு தேர்வு. மே மாதம் லீவு விட்டதும் "ஆமை பார்க்கணும்" என்று கிளம்புகிறவருக்கு மணல்தான் மிஞ்சும்.

இத்தனைக்கும் நடுவே ஒரு மாணவர் அமைப்பு இதைச் செய்து காட்டியிருக்கிறது. சென்னையில் எழுபதுகளின் தொடக்கத்தில் ரோமுலஸ் விட்டேக்கரும் நண்பர்களும் ஆமை தேடி இரவில் கரையோரம் நடக்க ஆரம்பித்தார்கள். அந்த வழியில் 1988-இல் உருவானது மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு. நீலாங்கரைப் பக்கமிருந்து பெசன்ட் நகர் வரை, பருவம் முழுக்க, நள்ளிரவு நடை. தடம் தெரிந்தால் குழியைக் கண்டுபிடித்து, முட்டைகளை எண்ணி எடுத்து, பொரிப்பகத்தில் அதே ஆழத்தில் புதைக்கிறார்கள். பல கிலோமீட்டர் நடந்து ஒன்றுமே கிடைக்காத இரவுகள் உண்டு. செத்து ஒதுங்கிய ஆமையை அளந்து குறிக்கும் இரவுகளும் உண்டு. 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கியது நாடு முழுக்கச் செய்தியானது. அது வழக்கமில்லாத சாவு என்று சொல்ல முந்தைய வருடங்களின் எண்கள் வேண்டும். அப்படிப்பட்ட எண்கள் நடந்தவர்களிடம்தான் இருக்கும். மூன்று நாள் சுற்றுலாவில் சேராத சரக்கு இது.

ஆனால் இந்த இரவு நடையை எல்லோருக்கும் சிபாரிசு செய்துவிட்டு நகர்ந்துவிட முடியாது. ஹாஸ்டல் கேட் சாயங்காலம் மூடும் கல்லூரியில் படிக்கும் பெண்ணிடம் "ராத்திரி பதினொன்றரைக்குக் கடற்கரைக்கு வா" என்று சொல்வது வாய்ப்பு ஆகுமா? கடைசி பஸ்ஸை விட்டால் ஊர் திரும்ப முடியாத பையனுக்கும் இதே கேள்விதான். கடல்சார் கல்வி வாய்ப்பு என்று இணையத்தில் சுற்றும் அறிவிப்புகளில் பாதி, காசு உள்ளவர்களுக்கானவை. ஸ்கூபா பயிற்சி, தீவில் இரண்டு வாரம், தங்கும் கட்டணம் தனி. இன்னொரு பக்கம் ஐந்து நாள் ஆன்லைன் வகுப்புக்குப் பணம் வாங்கிக்கொண்டு 'மரைன் பயாலஜி இன்டர்ன்' என்று சான்றிதழ் கொடுக்கும் வியாபாரம். தண்ணீரில் கால் நனையாத கடல் அனுபவம்! மீன்வளப் படிப்பு மாணவர்களுக்காவது கடைசி வருடத்தில் ஊரில் தங்கிக் கற்கும் பயிற்சி பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. கலை அறிவியல் கல்லூரி விலங்கியல் மாணவருக்கு அதுவும் கிடையாது.

எனக்கு ரொம்பச் சங்கடம் தந்த அறிக்கை ஒன்று உண்டு. கடலோர மாவட்டம் ஒன்றில், கல்லூரியிலிருந்து பக்கத்திலேயே உள்ள மீனவ ஊருக்குப் போய் எழுதியது. முடிவுரையில் ஒரு வாக்கியம்: "மீனவ மக்களிடம் கடல்வளம் குறித்த விழிப்புணர்வு இல்லை." அதை டைப் செய்த பெண்ணே அந்த ஊர்க்காரர் என்பது பிற்பாடு தெரிந்தது. கேட்டேன். "எங்கப்பா காத்து, நீரோட்டம் பத்தி சொன்னதெல்லாம் எழுதினேன் சார். ரெபரன்ஸ் இல்லாததெல்லாம் எடுத்துடுன்னாங்க. அப்புறம் கன்க்ளூஷன் போன வருஷ ரெக்கார்டுல இருந்தது" என்றார். சொல்லும்போது சிரித்தார்.

வாடை எப்போது விழும், கச்சான் அடித்தால் எந்த மீன் கரையை விட்டு விலகும், கொண்டலில் எந்த வலை போடக்கூடாது என்பதெல்லாம் அந்த வீட்டில் சாப்பாட்டு நேரப் பேச்சு. ஐம்பது மாணவர் போன களத்தில் உண்மையான கள அறிவு இருந்த ஒரே ஆள் அவர். அவருடைய பங்கை நீக்கிவிட்டு மிச்சத்தை பைண்ட் செய்திருக்கிறார்கள். ரெபரன்ஸ்தான் பிரச்சினை என்றால் சொன்னவர், ஊர், தேதி, எத்தனை வருடக் கடல் அனுபவம் என்று குறித்தால் அதுவே ரெபரன்ஸ். அச்சிட்ட புத்தகம்தான் வேண்டும் என்றால் வறீதையா கான்ஸ்தந்தின் எழுதியவை இருக்கின்றன. குமரி மாவட்டக் கடற்கரையில் பிறந்து விலங்கியல் பேராசிரியராக வேலை பார்த்தவர், நெய்தல் வாழ்க்கையைத் தமிழில் எழுதிவருபவர். விலங்கியல் துறை நூலகங்களில் எத்தனை இடத்தில் அவை இருக்கும் என்று ஒரு நாள் போய் எண்ண வேண்டும்.

இங்கே பழைய பாரம்பரியமே இல்லை என்று சொல்ல முடியாது. பாம்பன் பக்கத்துக் குருசடைத் தீவை அந்தக் காலத்திலேயே உயிரியலாளர்களின் சொர்க்கம் என்றார்கள். 1927-இல் சென்னை அருங்காட்சியகம் அந்தத் தீவின் கரையோர உயிரினங்களைப் பற்றித் தனி வெளியீடே கொண்டுவந்தது. நம் பி.எஸ்சி. மாணவர்கள் ரெக்கார்டு நோட்டில் வரையும் பலனோகிளாசஸ் என்ற புழு மாதிரியான உயிரிக்கும் குருசடைக்கும் உள்ள உறவு பிரசித்தம். ஆனால் அந்தப் பாரம்பரியம் விட்டுப்போன பழக்கம் 'ஸ்பெசிமன் கலெக்ஷன்'. பவளம், கடல் அட்டை, கடல்குதிரை எல்லாம் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் வந்துவிட்டன. இருந்தும், மாணவர் திரும்பும்போது ஏதாவது பாட்டிலில் கொண்டுவர வேண்டும் என்ற எதிர்பார்ப்பு சில துறைகளில் இன்னும் சாகவில்லை. கேஸ் ஆனால் மாட்டுவது மாணவர்தான். போனில் கேமரா இருக்கும் காலத்தில் ஃபார்மலின் பாட்டில் எதற்கு?

ஆசிரியர்கள் தரப்பில் சொல்லப்படும் ஒரு காரணத்தை நான் மதிக்கிறேன்: பயம். கடலில் ஒரு மாணவர் மூழ்கினால் அந்த ஆசிரியரின் வாழ்க்கை முடிந்தது. அதனால்தான் பஸ், வரிசை, விசில். சரி, அப்படியானால் தண்ணீரில் இறங்கத் தேவையில்லாத இடத்தை ஏன் யாரும் எடுப்பதில்லை? இறங்குதளத்தைச் சொல்கிறேன். நாட்டின் கடல் மீன்பிடிக் கணக்கு அங்கேதான் பிறக்கிறது. ஆய்வு நிறுவனத்தின் கணக்கெடுப்பாளர்கள் சில தளங்கள், சில நாட்கள், அன்று வந்த படகுகளில் சில என்று மாதிரி எடுத்து, எந்த வலை, என்ன மீன், எவ்வளவு எடை என்று குறிக்கிறார்கள். கரையில் நின்றே செய்யும் வேலை. ஒரு மாணவர் மாதம் இரண்டு சனிக்கிழமை விடிகாலையில், வீட்டுக்குப் பக்கத்துத் தளத்தில், ஒரே வகைப் படகை மட்டும் ஒரு செமஸ்டர் பார்த்தால் போதும். பேனரே வேண்டாம்.

ராமேஸ்வரம் பக்கம் விசைப்படகு வலையில் சேரும் கழிசலைச் சங்காயம் என்பார்கள். கோழித் தீவனத்துக்கும் உரத்துக்கும் போகிற குவியல் அது. விலங்கியல் மாணவருக்கு அந்தக் குவியல்தான் முழுப் பாடப்புத்தகம்: நண்டு, இறால் குஞ்சு, நட்சத்திர மீன், சந்தைக்கு வந்திருக்க வேண்டிய மீன்களின் பிஞ்சுகள். அனுமதி கேட்டு ஒரு கூடையைப் பிரித்து எண்ணினாலே ஒரு ப்ராஜெக்ட். பெயர்களைச் சேர்ப்பது இன்னொன்று. சென்னையில் வஞ்சிரம், தூத்துக்குடியில் சீலா, குமரியில் நெய்மீன். இது எல்லாருக்கும் தெரியும். குப்பையில் போகும் மீன்களுக்கு ஒவ்வொரு ஊரிலும் என்ன பெயர் என்பதை எழுதிவைத்தவர்கள் குறைவு. ஏலம் நடக்கிற நேரத்தில் குறுக்கே போய்க் கேள்வி கேட்காதீர்கள். திட்டு வாங்குவீர்கள், நியாயமான திட்டு. ஏலம் முடிந்து மீன் தரம் பிரிக்கும் அம்மாக்கள் டீ குடிக்கும்போது உட்கார்ந்தால் எல்லாப் பெயரும் வரும்.

ஆய்வு மையங்களுக்கு எழுதுகிறவர்களும் "ஏதாவது வாய்ப்பு" என்று எழுதாமல், இப்படி ஐந்தாறு வாரம் பார்த்த குறிப்பில் ஒரு பக்கத்தையும் அதிலிருந்து எழுந்த ஒரு கேள்வியையும் இணைத்து அனுப்புங்கள். பதில் வராமல் போகலாம். வந்தால் அது உங்களுக்கே எழுதிய பதிலாக இருக்கும்.

மே மாதம்தான் முடியும் என்கிறவர்களுக்கு இரண்டு வழி சொல்லலாம். தடை விசைப்படகுக்குத்தான். ஃபைபர் படகும் நாட்டுப்படகும் கரைவலையும் அப்போதும் ஓடும், விடிகாலையில் போக வேண்டும். இரண்டாவது, மேற்குக் கரையின் தடை ஜூன் 1-இல்தான் தொடங்கி ஜூலை 31 வரை போகிறது. ஆகவே கன்னியாகுமரிக்குக் கிழக்கே சின்னமுட்டத்தில் விசைப்படகு கட்டிக்கிடக்கும் அதே மே மாதத்தில், அதே மாவட்டத்தின் மேற்கே குளச்சலிலும் தேங்காய்ப்பட்டணத்திலும் படகு போய்வந்துகொண்டிருக்கும். இரண்டையும் ஒரே நாளில் பஸ்ஸில் பார்த்துவிடலாம். போகிறவர்கள் அறிக்கையின் முதல் பக்கத்தில் தேதி, திதி, காற்று, வற்ற நேரம், கரையில் நின்ற படகு எத்தனை, கடலுக்குப் போனது எத்தனை என்று எழுதி எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். நன்றியுரையை நான் எப்படியும் படிப்பதில்லை.